ஹார்டு கிரவுண்டுக்குப் பதிலாக அக்ரிலிக் தரை பாலிஷ்: நீண்ட நேர அரிப்பைத் தாங்குமா?

கேள்வி: தகடும்ஊசியும்

அனைவருக்கும் வணக்கம். பலர் பகிர்ந்துகொள்ளும் அச்சுப் பட்டறை ஒன்றில் செம்புத் தகட்டில் எட்சிங் செய்கிறேன்; அதாவது, கோடுகளை அமிலத்தால் அரித்துப் பள்ளமாக்கி, அதில் மையேற்றி அச்செடுக்கிறேன். புதிதாகக் கற்க வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நைட்ரிக் அமிலத்தை விட்டுவிட்டு ஃபெரிக் குளோரைடுக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. ஆனால் அரிப்பைத் தடுக்கத் தகட்டின் மேல் பூசி, ஊசியால் கோடு இழுக்கும் கெட்டிப் படலமான ஹார்டு கிரவுண்டு மட்டும் இன்னும் பழைய முறையில்தான் இருக்கிறது. நிலக்கீல், தேன்மெழுகு, ரோசின் மூன்றும் சேர்ந்த அந்தக் கட்டியைச் சூடான தகட்டில் தேய்க்கும்போது எழும் புகையும், வேலை முடிந்தபின் அதைக் கரைத்தெடுக்கப் பயன்படுத்தும் டர்பன்டைனின் ஆவியும் சிறிய அறைக்குள் மணிக்கணக்கில் தங்கிவிடுகின்றன. கற்க வருபவர்களில் இரைப்பு நோய் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஜன்னலோரம் உட்கார வைப்பது ஒரு தீர்வு என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே அக்ரிலிக் தரை பாலிஷைக் கிரவுண்டாகப் பயன்படுத்திப் பார்த்து வருகிறேன். தண்ணீரைப் போன்ற பாலிஷில் சிறிது கருப்பு மை கலந்து, சாய்த்துப் பிடித்த தகட்டின் மேல் ஊற்றி வழியவிடுகிறேன். விலகி நிற்கும் கோடுகள் நன்றாகவே விழுகின்றன. ஆனால் மூன்று இடங்களில் சிக்கல் வருகிறது. குறுக்குக் கோடுகளை நெருக்கமாக இழுத்தால், கோடுகளுக்கிடையே மிஞ்சும் சின்னஞ்சிறு சாய்சதுரங்கள் தகட்டைப் பற்றி நிற்காமல் உதிர்ந்துவிடுகின்றன. ஆழமான கோட்டுக்காக அரிப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டினால், ஓரங்களிலும் மூலைகளிலும் படலம் கிளம்புகிறது. கடைசியாக, அம்மோனியாவால் கிரவுண்டை அகற்றும்போது செம்பின் மேல் நீலச் சாயல் படிகிறது.

இவை பாலிஷின் இயல்பான எல்லைகளா, அல்லது முறையைத் திருத்தினால் நீங்கிவிடுமா என்பதை இதில் பழகியவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அழுத்தப்பொறி

வணக்கம். முதல் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பாலிஷ் தகட்டைச் சரியாகப் பற்றவில்லை. மெழுகுக் கிரவுண்டு எண்ணெய்ப்பசையைப் பொறுத்துக்கொள்ளும். அது தானே கொழுப்புச் சார்ந்த பொருள். சூட்டில் உருகிப் பரவும்போது விரல்ரேகையின் எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொண்டுவிடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் அப்படி இழுத்துக்கொள்ளாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் அது மேலே படிந்திருக்கிறதே தவிர ஒட்டியிருப்பதில்லை. கண்ணுக்கு எல்லா இடமும் ஒன்றுபோல் பளபளக்கும். வேறுபாடு அமிலத்துக்குள் இறங்கிய பிறகுதான் தெரியும்.

அதனால் எண்ணெய் நீக்கும் வேலைக்குப் பழைய முறையில் கொடுத்ததைப் போல இரு மடங்கு கவனம் கொடுங்கள். முதலில் மிக நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றித் தேய்த்து, கண்ணாடிப் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தகட்டில் சொரசொரப்பு ஏற்படுத்துங்கள். பளிங்கைப் போல மெருகேற்றிய செம்பில் அக்ரிலிக்குக் கால் ஊன்ற இடமில்லை. அந்தச் சொரசொரப்பு அச்சில் மெல்லிய சாம்பல் நிறமாகத் தெரியுமே என்று தயங்க வேண்டாம். அரிப்பு முடிந்த பிறகு மெருகுப் பசையால் அதை நீக்கிவிடலாம். பிறகு சுண்ணக்கட்டித் தூளை நீர்த்த அம்மோனியாவிலோ சோயா சாஸிலோ குழைத்துத் தகடு முழுவதும், முக்கியமாக ஓரச் சரிவுகளிலும், தேய்த்துக் கழுவுங்கள். சோயா சாஸைப் பலர் நம்ப மறுப்பார்கள். அதிலுள்ள உப்பும் மிதமான அமிலத்தன்மையும் செம்பின் மேலுள்ள மங்கலை நன்றாகவே எடுத்துவிடுகின்றன.

சோதனை எளிது. தகட்டைக் குழாயின் கீழ் நனைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் ஓட்டையில்லாத ஒரே திரையாகத் தகடு முழுவதையும் மூடி நிற்க வேண்டும். எங்காவது திரை பின்வாங்கி, நீர் துளித்துளியாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. முதல் சில நொடிகளில் எல்லாத் தகடும் தேறிவிட்டதாகத் தோன்றும். இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், மூலையில் ஒரு விரல்நுனி அளவுக்குத் திரை மெல்ல விலகுவதைக் காணலாம். உங்கள் மூலைகளில் படலம் கிளம்புவதற்கு அந்த விரல்நுனிதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். தேறிய தகட்டின் முகத்தை அதன்பின் கை தொடவே கூடாது. துணியால் துடைக்காமல் சூடான காற்றால் உலர்த்துங்கள்.

ஊற்றுவதிலும் இரண்டு செய்திகள் உண்டு. பாலிஷ் புட்டியைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் எழும் நுண்குமிழ் ஒவ்வொன்றும் படலத்தில் ஓர் ஊசித்துளையாக மாறும். மையையும் குச்சியால் மெதுவாகவே கலக்க வேண்டும். ஊற்றிய பின் தகட்டைச் செங்குத்தாகச் சாய்த்து வடியவிட்டு, கீழ் ஓரத்தில் திரளும் தடித்த வரியை உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். முதல் பூச்சு நன்றாக உலர்ந்ததும் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி, மறு ஓரத்திலிருந்து இரண்டாம் பூச்சை ஊற்றுங்கள். முதல் பூச்சில் மெல்லியதாக இருந்த மேற்பகுதி இரண்டாவதில் சமனாகிவிடும். இரண்டாம் பூச்சை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். பாலிஷுக்குள் உள்ள அம்மோனியா கீழ்ப்பூச்சைச் சற்று இளக்கக்கூடியது என்பதால், ஒரே இடத்தில் தூரிகையால் திரும்பத் திரும்பத் தடவினால் கலங்கிவிடும்.

உலர்த்தும் அளவும் முக்கியம். குளிர்ந்த, ஈரமான காற்றில் விட்டால் பாலிஷிலுள்ள அக்ரிலிக் நுண்துகள்கள் ஒன்றோடொன்று இணையாமல் படலம் வெளிறித் தளர்ந்துபோகிறது. மாறாக, சூட்டுப் பலகையில் வைத்து வாட்டிவிட்டால் படலம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முடி உலர்த்தியால் இளஞ்சூடாக உலர்த்தி, அன்றைக்கே கோடு இழுத்துவிடுவது நல்லது. சரியான பதத்தில் ஊசியை இழுத்தால் கிரவுண்டு மெல்லிய இழையாகச் சுருண்டு மேலே வரும். செதிலாகத் தெறித்தால் அதிகம் காய்ந்துவிட்டது என்றும், பசைபோல ஊசியோடு இழுபட்டு வந்தால் இன்னும் ஈரமிருக்கிறது என்றும் பொருள்.

மறுமொழி: கார்பாக்சில்

மேலே சொன்ன செய்முறையோடு முழுவதும் உடன்படுகிறேன். இது ஏன் அமிலத்தில் நிற்கிறது, அம்மோனியாவில் கரைகிறது என்பதையும் அறிந்துகொண்டால் மூன்றாவது சிக்கலுக்கு விடை தானே வந்துவிடும்.

தரை பாலிஷ் என்பது தேய்மானத்தைத் தாங்க வேண்டும், ஆனால் பராமரிப்பவர் விரும்பும்போது முழுவதுமாக நீங்கியும் விட வேண்டும் என்ற இரட்டைத் தேவைக்காக உருவாக்கப்பட்ட பொருள். இதிலுள்ள அக்ரிலிக் பாலிமர் சங்கிலிகளில் இடையிடையே கார்பாக்சிலிக் அமிலக் குழுக்கள் அமைந்திருக்கின்றன. பல தயாரிப்புகளில் துத்தநாக அயனிகளும் அம்மோனியாவோடு பிணைந்த நிலையில் சேர்க்கப்பட்டிருக்கும். பூசியதும் நீரும் அம்மோனியாவும் ஆவியாகின்றன; அம்மோனியாவின் பிடியிலிருந்து விடுபட்ட துத்தநாகம் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் அமிலக் குழுக்களைப் பிணைத்து, படலத்தைக் கெட்டிப்படுத்துகிறது. மீண்டும் அம்மோனியா பட்டால் இதே செயல் தலைகீழாக நடக்கிறது: துத்தநாகத்தை அம்மோனியா திரும்ப எடுத்துக்கொள்ள, காரத்தில் அமிலக் குழுக்கள் மின்னேற்றம் பெற்று நீரை இழுக்க, படலம் ஊதிப் பிரிந்துவிடுகிறது. ஃபெரிக் குளோரைடு கரைசலோ வலுவான அமிலத்தன்மை உடையது. அந்தச் சூழலில் கார்பாக்சிலிக் குழுக்கள் மின்னேற்றமின்றி அடங்கியிருப்பதால் படலம் நீரில் கரைய வழியே இல்லை. எனவே ஒரு மணி நேரம் என்ன, அதற்கு மேலும் பாலிஷ் தாங்கும். ஒட்டுதல் தளர்ந்த இடத்தில் அமிலம் அடியில் நுழைவதைத்தான் அதனால் தடுக்க முடியாது.

செம்பு நீலமாவதற்கும் அம்மோனியாவே காரணம். காற்றின் துணையோடு அது செம்பைக் கரைத்து, ஆழ்நீல நிறமுள்ள செம்பு–அம்மோனியாச் சேர்மத்தை உண்டாக்குகிறது. துத்தநாகத் தகட்டையும் அம்மோனியா தாக்கும். தகட்டை அம்மோனியாவில் ஊறவிட்டு வேறு வேலைக்குப் போனால், நுண்புள்ளிகளாக அரித்து நிழல் காட்டும் அக்குவாடின்ட் பகுதிகள் உண்மையிலேயே சேதமாகலாம். அதற்குப் பதிலாகச் சலவைச் சோடாவைப் பயன்படுத்துங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 100 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் தட்டில் தகட்டை மூழ்கவிட்டால், சற்று நேரத்தில் பளபளப்பு மறைந்து படலம் பால்போல் வெளுத்து, ஓரத்திலிருந்து தோலாக உரிந்து வரும். மென்மையான தூரிகையால் தள்ளிக் கழுவிவிடலாம். அம்மோனியாவைவிட மெதுவாக நடக்கும், ஆனால் மூக்கைத் துளைக்கும் ஆவி இல்லை. அலுமினியத் தகடாக இருந்தால் மட்டும் சோடாவிலும் நெடுநேரம் விடாதீர்கள், காரம் அலுமினியத்தை அரிக்கும். எதைப் பயன்படுத்தினாலும், அம்மோனியா இருக்கும் இடத்தில் குளோரின் ப்ளீச்சைக் கொண்டுவரவே கூடாது; இரண்டும் கலந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஃபெரிக் குளோரைடிலிருந்து எடுத்த தகட்டை நேரே சோடாவில் போடக் கூடாது. கோடுகளுக்குள் தங்கிய இரும்பு உப்பு காரம் பட்டதும் துருநிற ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து, நீங்கள் பாடுபட்டு அரித்த பள்ளங்களையே அடைத்துவிடும். முதலில் ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அடுத்து உப்புச் சேர்த்த வினிகரில் சிறிது நேரம் வைத்து, மீண்டும் நீரில் கழுவி, அதன் பிறகே சோடாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடையில் தரை பாலிஷ் என்று விற்கும் எல்லாமே அக்ரிலிக் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மெழுகு சார்ந்தவையும் பாலியூரித்தேன் சார்ந்தவையும் உண்டு. முந்தியது கிரவுண்டாக நிற்காது. பிந்தியது நின்றுவிட்டு, பிறகு நீங்காது. அச்சுக்கலைஞர்கள் முதலில் எடுத்துக்கொண்டவை அமெரிக்காவில் ஃபியூச்சர் என்றும் பிரிட்டனில் கிளியர் என்றும் விற்ற பாலிஷ்கள். வணிகப் பெயர்களும் கலவைகளும் காலப்போக்கில் மாறும் என்பதால், புட்டி வாங்கும்போதெல்லாம் ஒரு துண்டுத் தகட்டில் பூசி உலர்த்தி, ஃபெரிக் குளோரைடில் நிற்கிறதா, சோடாவில் நீங்குகிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி: கோட்டுச்சுவடு

நண்பர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆயினும் குறுக்குக் கோடுகளைப் பற்றிய கேள்விக்கு நேர்மையான விடை வேறு என்று கருதுகிறேன். எவ்வளவு சுத்தமாக எண்ணெய் நீக்கினாலும், அக்ரிலிக் படலம் மெழுகைப் போல வழிவிடாது. மெழுகுக் கிரவுண்டில் ஊசி பொருளை ஒதுக்கிக்கொண்டு போகிறது. அக்ரிலிக்கில் கிழித்துக்கொண்டு போகிறது. கோடுகள் மிக நெருங்கும்போது மிஞ்சும் துண்டுக்குத் தகட்டோடு உள்ள பிடிப்பைவிட, பக்கவாட்டில் இழுக்கும் விசை அதிகமாகிவிடுகிறது. ஊசி முனையை வட்டமாக மழுக்கி, ஒரே சாய்வில் பிடித்து, செம்பைக் கீறாத அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் நிலைமை பெருமளவு சீராகும். அதற்கும் மேல் நெருக்கம் வேண்டுமென்றால், ஒரு திசைக் கோடுகளை மட்டும் இழுத்து அரித்து, கிரவுண்டை அகற்றி, புதிதாகப் பூசி மறு திசைக் கோடுகளை இழுப்பதே நான் நம்பும் வழி. நேரம் கூடுதலாகும், ஆனால் இரண்டு திசைகளுக்கும் இரண்டு ஆழங்களைக் கொடுக்கும் உரிமையும் கிடைக்கிறது. ஒரே அரிப்பில் அது கிடைக்காது.

கிரவுண்டை மாற்றினால் கோடும் மாறும் என்பதற்கு இக்கலையின் வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. எட்சிங் கலைஞர் ழாக் கலோ (1592–1635) மென்மையான மெழுகுப் பூச்சை விட்டு, வீணை போன்ற லூட் இசைக்கருவிகளைச் செய்பவர்கள் பயன்படுத்திய கெட்டியான எண்ணெய் வார்னிஷைத் தகட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கெட்டித்தன்மையால்தான் அவரால் பூச்சு உதிராமல் பலமுறை அரிப்பில் இறக்கி, நூற்றுக்கணக்கான சிறு உருவங்களை ஒரே தகட்டில் தெளிவாகக் காட்ட முடிந்தது. வீங்கி மெலியும் கோட்டுக்காக நுனி சாய்வாக வெட்டிய எஷோப் என்ற ஊசியையும் அவர் பயன்படுத்தினார். புதிய பூச்சுக்கு ஏற்ற கையையும் கருவியையும் அவர் தேடிக்கொண்டார். அக்ரிலிக்கிடம் மெழுகின் கோட்டைக் கேட்டு நிற்பதைவிட, 1990களில் அச்சுக்கலைஞர் கீத் ஹவர்ட் போன்றோர் தொடங்கிய அக்ரிலிக் வழிக்கு உரிய கோடு எது என்று உங்கள் மாணவர்களோடு தேடிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்தமான வேலையாக இருக்கும்.

துணி, இலை போன்றவற்றின் பதிவை ஏற்கும் மென்மையான பூச்சான சாஃப்ட் கிரவுண்டுக்கு மட்டும் பாலிஷை நாடாதீர்கள். அது உலர்ந்தபின் மென்மையாக இருக்காது. எண்ணெய் சார்ந்த அச்சு மையை உருளையால் மிக மெல்லியதாகத் தகட்டில் ஏற்றி, அதன்மேல் துணியையோ இலையையோ வைத்து அழுத்தி எடுத்தால் ஃபெரிக் குளோரைடில் நன்றாக நிற்கிறது. அதைச் சமையல் எண்ணெயால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிடலாம்; டர்பன்டைன் தேவையில்லை.

தகடும்ஊசியும்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீர்த்திரைச் சோதனையை உடனே செய்து பார்த்தேன். என் தகடுகளின் ஓரச் சரிவுகளில் திரை விலகத்தான் செய்தது. மீண்டும் சுண்ணக்கட்டித் தூளால் தேய்த்துப் பூசிய தகட்டில் மூலைகள் இப்போது அசையாமல் நிற்கின்றன. சலவைச் சோடாவில் நீலச் சாயலும் இல்லை.

இரண்டு துணைக் கேள்விகள் உள்ளன. ரோசின் தூளைத் தூவிச் செய்யும் அக்குவாடின்ட்டை விட்டுவிட்டு, இதே பாலிஷை ஏர்பிரஷ்ஷால் தெளித்துச் செய்யலாம் என்கிறார்கள், அது பாதுகாப்பானதுதானா? பயன்படுத்தி முடித்த கரைசல்களை எப்படி அப்புறப்படுத்துவது?

மறுமொழி: கார்பாக்சில்

ரோசின் தூளை விட வேண்டும் என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. சுவாசப் பாதையில் ஒவ்வாமையை உண்டாக்கி ஆஸ்துமாவுக்கு இட்டுச் செல்லக்கூடியது அது. காற்றில் மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கவும் கூடியது. தெளிப்பு முறையில் வெடிப்பு அபாயம் நீங்குகிறது, புள்ளிகளின் அடர்த்தியும் நம் கட்டுப்பாட்டுக்கு வருகிறது. ஆனால் மணமில்லாத நீர்ப்பொருள் என்பதற்காக அந்த மூடுபனியை மூச்சில் இழுக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தரையில் பூசும்போது தீங்கில்லாத பாலிமர், நுண்துளியாக நுரையீரலுக்குள் போனால் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. வெளியேற்றும் விசிறி பொருத்திய தெளிப்புப் பெட்டிக்குள், துகள் வடிகட்டி உள்ள முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். சாதாரணத் துணிக் கவசம் போதாது. இரைப்பு உள்ள மாணவர் அந்நேரம் அறையில் இல்லாதிருப்பது நல்லது. தெளிப்பதில் தகட்டின் பாதிப் பரப்பைப் புள்ளிகள் மூடும் வரை போகலாம். துளிகள் ஒன்றோடொன்று கலந்து குளமாகிவிடாமல் தூரத்திலிருந்து, மெல்லிய வீச்சுகளாக, ஒவ்வொரு வீச்சும் உலர்ந்த பிறகு அடுத்ததைத் தெளியுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனால் எப்போது நிறுத்துவது என்பது பழகிவிடும்.

அரிப்புக் கரைசலிலும் ஒரு மாற்றம் செய்யலாம். அச்சுக்கலைஞர் ஃப்ரீட்ஹார்ட் கீக்கபென் 1990களில் எடின்பரோ அச்சுப் பட்டறையில் உருவாக்கிய முறையில், ஃபெரிக் குளோரைடுக் கரைசலோடு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சேர்க்கிறார்கள். நான்கு பங்குக்கு ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. கோடுகளுக்குள் மண்டி படிவதைச் சிட்ரிக் அமிலம் தடுப்பதால் அரிப்பு வேகமாகவும் கூர்மையாகவும் நடக்கிறது. அமிலத்தில் கிடக்கும் நேரம் குறைந்தால் கிரவுண்டுக்கும் நல்லது. துத்தநாகத் தகட்டை மட்டும் இதில் இறக்காதீர்கள். அது வெப்பத்தையும் நுரையையும் எழுப்பும். எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் அக்ரிலிக் படலத்தை அடியிலிருந்து தள்ளிவிடும். துத்தநாகத்துக்கு மயில்துத்தமும் சமையல் உப்பும் சேர்ந்த கரைசலே பொருந்தும்.

கழிவைப் பொறுத்தவரை, பயன்படுத்திய ஃபெரிக் குளோரைடில் கரைந்த செம்பு இருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்கு அது கடும் நஞ்சு. சாக்கடையில் ஊற்றவே கூடாது. பெரிய பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நடுநிலைப்படுத்துங்கள். மிகுதியாக நுரைத்துப் பொங்கும் என்பதால் வாளியில் கால் பங்குக்கு மேல் கரைசல் வேண்டாம். அடியில் தங்கும் சேற்றையும் மேலே நிற்கும் நீரையும் பெயரெழுதிய புட்டிகளில் அடைத்து, அபாயகரமான கழிவைப் பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். சோடாத் தட்டிலிருந்து உரிந்த பாலிஷ் தோலைச் சல்லடையில் வடித்துக் காயவைத்துத் திடக்கழிவாக எடுத்துவிடுங்கள். வடிந்த நீரிலும் சிறிது செம்பும் துத்தநாகமும் இருக்கும், ஆகவே அதையும் அதே புட்டிகளோடு சேர்ப்பதே முறை.

மறுமொழி: அழுத்தப்பொறி

ஒரு சிறு சேர்க்கை மட்டும். மறைக்க வேண்டிய பகுதிகளுக்கும் இதே பாலிஷைத் தூரிகையால் பூசலாம். வேறு நிற மை கலந்துகொண்டால் எது கிரவுண்டு, எது மறைப்பு என்று கண்ணுக்குத் தெரியும். தூரிகையை உடனுக்குடன் தண்ணீரில் அலச வேண்டும், காய்ந்துவிட்டால் சோடாக் கரைசல்தான் கதி. தகட்டின் பின்புறத்தைப் பாலிஷால் மூடுவதைவிட ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடுவது நம்பகமானது. ஓரத்தில் கத்தியால் சீராக வெட்டி, நகத்தால் அழுத்தி விடுங்கள்.

தகடும்ஊசியும்

மிக்க நன்றி. தெளிப்புப் பெட்டி அமையும் வரை மாணவர்களுக்கு அக்குவாடின்ட் கற்பிப்பதைத் தள்ளிவைத்து, கோட்டு வேலையை மட்டும் பாலிஷில் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். திசைக்கொரு முறை பூசி அரிக்கும் வழியில் முதல் தகட்டைத் தொடங்கியிருக்கிறேன். முதல் திசைக் கோடுகள் ஆழமாகவும் ஓரம் சிதையாமலும் வந்துள்ளன. இரண்டாம் பூச்சு அந்தப் பள்ளங்களுக்குள்ளும் இறங்கி மூடுகிறதா என்பதை உருப்பெருக்கியில் பார்த்த பிறகே அடுத்த திசையைத் தொடங்குவேன்.